வேன் சிங்க்குக்கு ஒரு 12 வோல்ட் பம்ப்: ஓராண்டு உழைத்த பின்

எங்கள் கேம்பர் வேனின் சிங்க்குக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை மாற்றி ஓராண்டு கடந்துவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் இதைப் புகழ்ந்திருப்பேன். மூன்றாம் மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டுமே நியாயமாக இருந்திருக்காது.

இது 12 வோல்ட் டயாஃப்ரம் வகை, அதாவது உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு அசைந்து நீரை இழுத்துத் தள்ளும். சிங்க்கின் குழாயைத் திறந்ததும் ஹோஸில் அழுத்தம் குறைவதை பம்பின் தலையிலுள்ள பிரஷர் சுவிட்ச் உணர்ந்து மோட்டாரை ஓட்டும். குழாயை மூடி அழுத்தம் ஏறியதும் அதுவே நிறுத்திவிடும். முன்பு டேங்குக்குள் மூழ்கிக் கிடந்த சிறிய பம்புக்குக் குழாயின் பிடிக்குள்ளேயே சுவிட்ச் இருந்ததால், அதில் ஈரம் இறங்கியபோதெல்லாம் தண்ணீர் நின்றுபோனது. அந்தத் தொல்லை இதில் இல்லை.

மூன்றாம் மாதத்தில் வந்தது வேறு தொல்லை. டேங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தும் குழாய் காற்றும் நீருமாகத் துப்பியது. குழாயை மூடிய பிறகும் மோட்டார் நிற்கவில்லை. டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று நானாக முடிவு கட்டி, திருகுகளைக் கழற்றி பம்பின் தலையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் புதிது போலவே இருந்தன. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

செய்திருக்க வேண்டிய முதல் சோதனை மிக எளியது. டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டினால், குற்றம் பம்பிலா வழியிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாளியிலிருந்து பம்ப் தடையின்றி இழுத்தது. பிறகு வடிகட்டிக்கும் பம்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற ஒரு ஹோஸ் துண்டைப் பொருத்தி ஓட்டியபோது, நூலில் கோத்த மணிகளைப் போலக் குமிழிகள் வரிசையாக ஓடி வந்தன. வடிகட்டி மூடியின் வாஷரில் ஒரேயொரு மணல் துகள் ஒட்டியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்துக் கசிவு ஓட்டத்தின்போது சொட்டாது, ஈரத் தடமும் விடாது. அங்கே நீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. ஆகவே துணியால் துடைத்துத் தேடியதெல்லாம் வீண். வாஷரைக் கழுவி, குடிநீருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸைத் தடவி மூடியதும் சரியாயிற்று. வாஸலின் தடவ வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊதிவிடும்.

இன்னொரு கோளாறு இதற்கு நேர் எதிர். எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, நள்ளிரவில் அரை மணிக்கொரு முறை பம்ப் ஒரு நொடி உறுமி அடங்கியது. இது அழுத்தப் பக்கத்துக் கசிவின் அடையாளம்; எங்கும் ஈரமில்லை என்றால் பம்பின் உள்வால்வு வழியாக நீர் டேங்குக்கே திரும்புகிறது என்று கொள்ளலாம். எங்களுக்கு சிங்க்கின் அடியில், பயணத்தின் குலுக்கலில் தளர்ந்திருந்த ஒரு கிளாம்பில், உலர்ந்த காகிதம் வைத்த இடத்தில் ஈரம் பூத்திருந்தது.

நீரோட்டம் மெலிந்திருந்தால் வயரையும் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளக்க வேண்டும். நின்றிருக்கும்போது மெல்லிய வயரும் முழு வோல்டேஜைத்தான் காட்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, பம்பில் 11 வோல்ட்தான் வந்தது. தடித்த வயர் போட்டதும் மோட்டாரின் குரலே மாறியது.

இந்த பம்பின் மீது எனக்குள்ள உண்மையான குறை அதன் பிரஷர் சுவிட்ச்தான். குழாயைச் சிறிதளவே திறந்தால் அது மோட்டாரைப் படபடவென்று நிறுத்தி ஓட்டுகிறது, அதன் தொடுமுனைகள் தீய்ந்துபோவது அதனால்தான். பம்புக்கு அடுத்து ஒரு சிறிய அக்குமுலேட்டர் டேங்கை, அதாவது உள்ளே அடைத்த காற்றால் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் கலனை, சேர்த்தபின் படபடப்பு வெகுவாகக் குறைந்தது. நீரை முழுவதும் வடித்த பிறகு, அதன் காற்றழுத்தத்தை பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். இரைச்சலும் அதிகம்தான். பலகையில் நேரடியாகத் திருகியிருந்ததைக் கழற்றி ரப்பர் பாதங்களின் மேல் அமர்த்திய பிறகு, பக்கத்தில் தூங்குபவர் விழிப்பதில்லை.

மீண்டும் வாங்க நேர்ந்தால் இதையே வாங்குவேன், ஆனால் கூடவே ஒரு மாற்று பிரஷர் சுவிட்சையும் வாங்குவேன். இப்போது சிங்க்கின் அடியில் அதுவும், வடிகட்டிக்கு இரண்டு வாஷர்களும், அந்தக் கண்ணாடி ஹோஸ் துண்டும் ஒரு டப்பாவில் இருக்கின்றன.