யேல் பல்கலைக்கழகத்தின் புதிய ஏற்பாட்டு வகுப்பு: ஞாயிறு பள்ளி ஆசிரியையின் பார்வையில்

ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிற எனக்கு வேதாகமம் புதிதல்ல. ஆனால் அதை ஒரு வரலாற்று ஆய்வாளர் எப்படிப் படிப்பார் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் புதிய ஏற்பாட்டு அறிமுக வகுப்பு. பேராசிரியர் டேல் பி. மார்ட்டின் 2009இல் மாணவர்களுக்கு நடத்திய 26 விரிவுரைகளை அப்படியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது விரிவுரையை முதலில் கேளுங்கள். கிறிஸ்தவத்தைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோன ஆரம்பகாலப் போதகரான பவுல், மனந்திரும்பிய பிறகு எங்கே போனார்? அப்போஸ்தலர் நடபடிகள் 9இன்படி தமஸ்குவிலிருந்து எருசலேமுக்கு வருகிறார். பர்னபா அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப் போகிறார். அவர்களோடு ஊரில் தாராளமாக நடமாடுகிறார். பவுலே எழுதிய கலாத்தியர் நிருபத்தில், அதாவது கடிதத்தில், விஷயம் வேறு. எருசலேமுக்குப் போகாமல் அரபி தேசத்துக்குப் போனேன், திரும்பத் தமஸ்குவுக்கு வந்தேன், 3 வருஷம் கழித்துத்தான் பேதுருவைப் பார்க்கப் போனேன், அவரோடு 15 நாள் இருந்தேன், யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலரைக் காணவில்லை என்கிறார். பொய் சொல்லவில்லை என்று தேவனைச் சாட்சிக்கும் அழைக்கிறார். இரண்டு பகுதிகளையும் சபையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம், ஆனால் வெவ்வேறு வாரங்களில்! பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது. தன் சுவிசேஷம் மனுஷரிடம் வாங்கியதல்ல என்று நிலைநாட்ட வேண்டிய அவசரம் பவுலுக்கு. எல்லாம் எருசலேமிலிருந்து ஒழுங்காகப் பரவியது என்று காட்ட வேண்டியது, நடபடிகளை எழுதியவராகச் சொல்லப்படும் லூக்காவுக்கு. நடந்தது என்ன என்பதோடு, ஏன் இப்படிச் சொன்னார்கள் என்றும் கேட்கப் பழக்குகிறது இந்த வகுப்பு.

காலவரிசையும் தெளிவாகும். பவுலின் நிருபங்கள் கி.பி. 50களை ஒட்டியவை. மாற்கு சுவிசேஷம் எழுதப்பட்டது எருசலேம் ஆலயம் இடிந்த 70ஐ ஒட்டி. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்கள் கொண்ட இன்றைய பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் 367ஆம் ஆண்டுக் கடிதத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

போதாதவையும் உண்டு. இயேசுவைப் பற்றி வரலாற்று ஆய்வால் என்ன சொல்ல முடியும் என்பதற்கு முழுதாக ஒதுக்கியது ஒரே ஒரு விரிவுரை. 2009க்குப் பிறகு நடந்தவை இதில் இருக்க வழியில்லை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதித் துண்டு கிடைத்துவிட்டது என்று பரபரப்பாகப் பேசப்பட்டதே, 2018இல் அது வெளியானபோது இரண்டாம் அல்லது மூன்றாம் நூற்றாண்டுக்குரியது என்றுதான் கணித்தார்கள். பேராசிரியரின் ஆங்கிலம் வேகமாக இருந்தால், எழுத்து வடிவமும் இலவசமாக இருக்கிறது.

எனக்கு மிகவும் உதவியவை 19, 20ஆம் விரிவுரைகள். பவுல் பெயரில் இருக்கும் 13 நிருபங்களில் 7ஐ அவர் எழுதியதாக ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். பெண் உபதேசிக்கக் கூடாது என்கிற 1 தீமோத்தேயு அந்த ஏழில் இல்லை. பிரசங்க பீடத்தில் பெண் ஏறலாமா என்று இன்றும் சபைகள் பிளக்கின்றன, அந்த வாதத்தில் முதலில் எடுக்கப்படும் வசனமோ இதுதான். 1 கொரிந்தியர் 11இல் பெண்கள் சபையில் ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் சாதாரணமாகவே பேசப்படுகிறது. முக்காடு பற்றித்தான் அங்கே சர்ச்சை. அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரம் பெண்களை வாயடைக்கச் சொல்கிறதே என்பீர்கள். அந்த இரண்டு வசனங்களும் சில கையெழுத்துப் பிரதிகளில் அதிகாரத்தின் கடைசியில் போய் நிற்கின்றன. அவை பிறகு நுழைந்தவையோ என்று பலர் ஐயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் சொன்னால் விசுவாசம் ஆட்டம் காணும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி ஆகவில்லை. கொரிந்துவில் நிஜமாகவே வாயைத் திறந்து ஜெபித்த பெண்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய பலம்.

20ஆம் விரிவுரை, வேதாகமத்தில் சேராத ஒரு பழைய கிறிஸ்தவ நூலில் வரும் தெக்லாள் என்ற பெண்ணின் கதை. நிச்சயித்த கல்யாணத்தை உதறிவிட்டுப் பவுலின் பின்னால் போகிறாள். மிருகங்கள் நடுவே தள்ளப்பட்ட இடத்தில் தண்ணீரில் குதித்துத் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிறாள். வரலாற்றில் தெக்லாள் இருந்தாளா என்பது வேறு கேள்வி. பெண்ணை வீட்டுக்குள் அடக்கியவர்களும் வெளியே அனுப்பியவர்களும் பவுலின் பெயரையே சொன்னார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதனால் 19ஐ மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். வேதாகமம் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.