தோட்டத்து வேலைக்கு ஒரு எம்பி3 பிளேயர்

கைப்பேசி இருக்கும்போது பாட்டுக்கென்று தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஆப்பிளே 2022இல் ஐபாடை நிறுத்திவிட்டது, கேள்வி நியாயம்தான். எனக்கு வேலை செம்பனைத் தோட்டத்தில், வெட்டிப் போட்ட குலைகளைக் கணக்கெடுப்பது. பெரிய சாலையை விட்டு மோட்டாரை உள்ளே திருப்பினால் கைப்பேசி லைன் போய்விடும். லைனைத் தேடித் தேடியே கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிடும். சாயங்காலம் கணக்கு அனுப்ப அது மிச்சம் இருக்க வேண்டுமே.

ஈப்போவில் வாங்கியது, அதிகம் பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு, நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் கூட. கடைக்காரர் தொடுதிரை உள்ளதையும் எடுத்துக் காட்டினார். வேர்வையும் மழையுமாக இருக்கிற விரலுக்குப் பொத்தான்தான் சரி. வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகும் அதைத்தான் முதலில் சொல்வேன்: சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே பாட்டை மாற்றலாம், மேற்பார்வை பார்க்கிற மண்டோர் கூப்பிட்டால் சட்டென்று நிறுத்தலாம்.

தலைக்கு மேல் மட்டையும் குலையும் விழுகிற இடம், அதனால் ஒரு காதில்தான் மாட்டுவேன். அதில் ஒரு சிக்கல். ஸ்டீரியோ பாட்டில் இடது பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு மட்டும்தான் போகும். சில பழைய பாடல்களில் வயலின் முழுக்க மறுபக்கம் இருக்கும்; பாடகர் தனியாக நின்று பாடுவதுபோல் கேட்கும். இரண்டையும் கலக்கிற மோனோ வசதி என் பிளேயரில் இல்லை. கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைப் போட்டு, தோட்டத்துக்கான பாடல்களை மோனோவாக மாற்றி வைத்துக்கொண்டேன். வீட்டில் கேட்பதற்கு அசல் கோப்புகள் வேறு ஃபோல்டரில்.

ஒலித்தரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 320 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு; கூடினால் தரம் கூடும்) ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 12 எம்பி, 32 ஜிபி மெமரி அட்டைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தாராளமாக அடங்கும். டிராக்டர் சத்தத்தில் 128க்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் அவருக்கு நல்ல காது. 64 ஜிபி அட்டைகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறை வடிவத்தில் வரும். இதுபோன்ற மலிவான பிளேயர்களில் பல அதைப் படிக்காது. வாங்குமுன் கேளுங்கள்.

எரிச்சல் தருவது தமிழ்தான். திரையில் எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பிளேயர் அப்பா கைக்குப் போய்விடும், அவருக்கு அந்த எழுத்து ஓடாது. இப்போது ஃபோல்டர்களுக்கு வெறும் எண்தான். "மூணாம் நம்பர்ல புதுசா ஒண்ணும் ஏத்தலையாடா?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டார். அப்புறம், பாடல்கள் அகர வரிசையில் ஓடாது, அட்டையில் ஏற்றிய வரிசையில்தான் ஓடும். வரிசை முக்கியம் என்றால் ஃபோல்டரைக் காலி செய்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும்.

பிளேயரில் உள்ள வானொலிக்கு இயர்போன் கம்பிதான் ஏரியல். கம்பியைக் கழற்றினால் காலையில் மின்னல் எஃப்எம் செய்தி கிடையாது, புளூடூத் இருந்தும் பயனில்லை.

முன்பு இரண்டு நாள் தாங்கிய பேட்டரி, இப்போது வேலை முடிகிற நேரத்துக்கு உயிரை விடுகிறது. தீபாவளிக்குள் வேறு பார்க்க வேண்டும். என் அட்டையைக் கடைக்கே கொண்டுபோய், கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா, மோனோ இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பேன்.