86,400 ரூபாய்க்கு உப்பிய தரை: லேமினேட் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

லேமினேட் தரையை (மரம் மாதிரியே தெரியும் பலகைத் தரை) எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று விவரமாக எழுதித் தருகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, கோபத்தில். இப்போதுதான் அந்தக் கடையோடு பேசிவிட்டு போனை வைத்தேன். கொடுத்தது 86,400 ரூபாய். அதில் ஒரு ரூபாய் திரும்பி வராதாம். "வேணும்னா பிரிச்சு மாத்துறதுக்குத் தனியா எஸ்டிமேட் அனுப்புறோம் மேடம்" என்கிறார்கள்.

கடைப் பெயரைக் கேட்காதீர்கள். புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். தென்சென்னையில் மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிற, வால்பேப்பர், திரைச்சீலை, மரத்தரை எல்லாம் விற்கிற ஏசி ஷோரூம். அவ்வளவுதான் சொல்வேன்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. மாமனார் கட்டியது, பழைய மொசைக். கறை ஏறிப் பார்க்கச் சகிக்கவில்லை. அதை உடைத்து டைல்ஸ் போட வேண்டுமானால் வீட்டையே காலி செய்ய வேண்டும். முட்டிவலிக்கார மாமியாரை எங்கே கொண்டுபோய் வைப்பது? லேமினேட் என்றால் இருக்கிற தரைக்கு மேலேயே போடலாம், தூசி இல்லை, இரண்டு நாளில் முடிந்துவிடும். இந்தக் காரணம் இன்றைக்கும் சரியான காரணம்தான். ஏமாற்றியது சரக்கு இல்லை, அதை விற்ற விதமும் போட்ட விதமும்.

ஷோரூமில் ஒரு இளைஞர். முதல் நிமிஷத்திலேயே 'அக்கா' ஆகிவிட்டேன். தேக்கு நிறத்தில் ஒரு சாம்பிள் பலகையை எடுத்து மேஜையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் நடுவில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அவசரமே படாமல் மாமியாரின் முட்டிவலியை விசாரித்தார், எந்த டாக்டர் என்று கேட்டார், தன் அம்மாவுக்கும் அதே வலிதான் என்றார். அப்புறம் கைக்குட்டையால் ஒரு துடை. பலகையில் ஒரு சுவடு இல்லை. "பாத்தீங்களாக்கா? வாட்டர்ப்ரூஃப். எங்கம்மா ரூமுக்கும் இதைத்தான் போட்டிருக்கேன்." காய்கறிக்காரரின் தராசைக்கூட நம்பாத என் மாமியார், "பையன் தங்கமான பையன்" என்றார். ஹால், இரண்டு படுக்கையறை, மொத்தம் 540 சதுர அடி. பலகைக்கு அடியில் விரிக்கும் ஃபோம், சுவர் ஓரத்தில் அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டி, கூலி எல்லாம் சேர்த்து சதுர அடி 160 ரூபாய். 86,400. பாதியை அங்கேயே கட்டினோம். மீதியை வேலை முடிந்த அன்று அவர் சொன்ன எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பினோம்.

அந்தத் தண்ணீர் வித்தையைப் புரிந்துகொள்ளுங்கள், வேறு எதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. லேமினேட் பலகையின் மேல்தோல் மெலமைன் பிசின், அதில் தேய்மானத்தைத் தாங்க அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்காது. அதற்குக் கீழே இருப்பது மரத்தின் படம் அச்சடித்த காகிதம். அதற்கும் கீழே, பலகையின் மொத்தக் கனமும் எச்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய அட்டை. தண்ணீர் அதற்குள் போவது பலகைகள் சேரும் இடுக்கு வழியாகவும் அடியிலிருந்தும்தான். நடுவில் ஊற்றிக் காட்டுகிறவர், ஒரு துண்டை அறுத்து அதன் ஓரத்தை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காட்டட்டும் பார்க்கலாம். ஊறிய எச்டிஎஃப் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

போட வந்த கதை இன்னும் மோசம். பெட்டிகளும் ஆட்களும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பெட்டிகள் அந்த அறைக்குள்ளேயே 48 மணி நேரம் படுத்திருந்து, வீட்டுக் காற்றின் ஈரப்பதத்துக்குப் பழகிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருக்கிறது. இவர்கள் அரை மணியில் பிரித்துவிட்டார்கள். மொசைக் மேல் நேராக ஃபோமை விரித்தார்கள். அதற்கு அடியில் தரை ஈரத்தைத் தடுக்கும் பாலிதீன் ஷீட் கிடையாது. அறை வாசல்களில் தரையைப் பிரித்துவிடும் டி பட்டி எதற்கு, ஹாலிலிருந்து பெட்ரூம் வரை ஒரே ஓட்டமாகப் போனால்தான் ரிச்சாக இருக்கும் என்றார் மேஸ்திரி. வேலை முடிந்த அன்று வீடு அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் எங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் பக்கம், தரைத்தள வீடுகளில் ஓதம் ஏறுவது ஊருக்கே தெரியும். முதலில் ஹாலில் பலகை சேரும் இடங்களில் விளிம்பு தூக்கியது. அப்புறம் பெட்ரூம் வாசலில் தரை அப்பளம் மாதிரி உப்பி நின்றது. மிதித்தால் டொக்கென்று உள்ளே போய் மறுபடி எழும்பும். மாமியாருக்குக் கால் விரல் இடறி நகம் பெயர்ந்தது.

போன் செய்தேன். "மழைக்காலத்துல அப்படித்தான்க்கா, வெயில் வந்தா செட் ஆயிடும்." படம் அனுப்பினேன். நீல டிக் மட்டும் வந்தது. மறுபடி போன். சூப்பர்வைசர் ஊரில் இல்லை. மறுபடி. கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம். மறுபடி. உங்கள் ஃபைலைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இதற்குள் அந்தத் தங்கமான பையனுக்கு நான் அக்காவிலிருந்து மேடம் ஆகியிருந்தேன்.

கடைசியில் சூப்பர்வைசர் வந்தார், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே நாலு படம் எடுத்தார். "தண்ணி விட்டுத் துடைக்கிறீங்களா?" என்று ஒரு கேள்வி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வீடு கழுவினாயா என்று அதட்டினார். அவர் முதல் நாளிலிருந்தே துணியைச் சொட்டில்லாமல் பிழிந்துதான் துடைக்கிறார், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மறுநாள் வாட்ஸப்பில் தீர்ப்பு வந்தது: 'கஸ்டமர் மெயின்டனன்ஸ் ஃபால்ட்'. சரி, துடைத்ததில் உப்பியது என்றே வைத்துக்கொள்வோம். துணியே போகாத இரும்பு பீரோவுக்கு அடியில் ஏன் உப்பியிருக்கிறது? அதற்குப் பதில் இல்லை.

பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டு ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினோம். பலகைகள் சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கின்றன. லேமினேட்டைத் தரையில் ஒட்டுவதில்லை, மிதக்க விடுவார்கள். ஈரக்காற்றில் அது விரியும், அதற்காகச் சுற்றிலும் சுவர் ஓரமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் இடம் விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். இடமே விடாவிட்டால் அது வேறு எங்கே போகும், மேலேதான் எழும்பும். இரண்டு பலகையைத் தூக்கிப் பார்த்தோம். ஃபோமின் அடி நனைந்திருந்தது. பலகையின் அடியில் கறுப்புப் பூஞ்சை. அந்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பரணில் கிடந்த மிச்சப் பெட்டியில் ஏசி3 என்று அச்சாகியிருக்கிறது. தேய்மானத் தரத்துக்கான குறியீடு அது. எங்களுக்குப் பேசியது அதைவிட ஒரு படி மேலான ஏசி4. கேட்டால், "வீட்டுக்கு ஏசி3 தாராளமா போதும் மேடம்." போதும்தான், வாதத்துக்கே இடமில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது ஏசி4க்கு!

பதினைந்து வருட வாரண்டி என்றார்களே? மேல்பூச்சின் தேய்மானத்துக்கு மட்டுமாம். அடியிலிருந்து ஏறும் ஈரமும், போட்டதில் உள்ள குறையும் சேராதாம். போட்டவர்கள் 'வெளி கான்ட்ராக்டர்' ஆட்களாம், கடைக்குச் சம்பந்தம் இல்லையாம். ஜிஎஸ்டி பில் கேட்டால் "சிஸ்டம்ல ஏறல" என்கிறார்கள். கையில் இருப்பது எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட ஒரு தாளும், 86,400 ரூபாய் போனதற்கான வங்கிக் கணக்கு விவரமும்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: தரைத்தளம் என்றால் முதலில் ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விடுங்கள். அடியில் வேர்த்திருந்தால் லேமினேட்டை மறந்துவிடுங்கள், எஸ்பிசி பாருங்கள், அது சுண்ணாம்புத் தூளும் பிவிசியும் சேர்ந்தது, ஈரத்தில் உப்பாது (அதற்காக ஓதத்தைச் சரிசெய்யாமல் மூடி மறைக்காதீர்கள், பூஞ்சை அடியில் வரும்). பெட்டி மேல் இருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங் அடிப்பதற்கு முன் சுவர் ஓர இடைவெளியை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். துடைக்கப் பிழிந்த துணி மட்டும், ஸ்டீம் மாப் கூடவே கூடாது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.