பெட் ஷாப் முயல் ட்ரீட்கள்: கையால் ஊட்டிப் பழக்க எது உதவும்?

பழக்கும்போது பரிசாகக் கொடுக்கும் தின்பண்டமான முயல் ட்ரீட்டை வாங்கும்போது சுவையைவிட வடிவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் கீழே நீட்டப்படுவது தெரியாது. அந்த இடத்தில் வாசனையும் மீசையும் உதடும்தான் அதற்குக் கண். அமைதியாக இருந்தால் தடவிப் பார்த்து எடுக்கும், பரபரப்பில் இருந்தால் தடவாமலே கவ்வும். விரல் நுனியில் பிடித்த சிறிய உருண்டையோடு விரலும் பல்லில் சிக்குவது இதனால்தான். இதைக் கோபக்கடி என்று எண்ணித் தண்டிப்பவர்கள் பாவம் அந்த முயலைப் பயமுறுத்துகிறார்கள்.

வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொத்தான் அளவில் வரும் யோகர்ட் டிராப்ஸை வாங்கவே வேண்டாம். அதில் இருப்பது சர்க்கரை, கொழுப்பு, பால் பொடி. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் வாழும் நுண்ணுயிர்களை நம்பியே முயலின் செரிமானம் நடக்கிறது. அவற்றுக்கு நார் வேண்டும், இனிப்பு கூடினால் சமநிலை குலைந்துவிடும். போதாததற்கு இது வழுக்கும் சிறு உருண்டை வேறு. பரபரப்பான முயல் மெல்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். முயலால் வாந்தியெடுக்க முடியாது.

தேனில் ஒட்டிய விதைக் குச்சிகளையும் அதே கணக்கில் ஒதுக்கலாம். அதிலுள்ள மக்காச்சோளமும் கடின உமியுள்ள விதைகளும் குடலில் அடைப்பை உண்டாக்கக்கூடியவை. பயிற்சி என்று பார்த்தாலும், ஒரே குச்சியை ஐந்து நிமிடம் கொறித்துக்கொண்டிருக்கும் முயலுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

உறைநிலையில் உலர்த்திய வாழைப்பழத் துண்டுகள் நல்ல பொருள்தான், ஆனால் மிகையான பொருள். பொட்டலத்தைத் திறந்த சத்தத்துக்கே முயல் காலைச் சுற்றி ஓடத் தொடங்கும். ஏற்கெனவே துள்ளுகிற முயலுக்கு இதைக் காட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். நகம் வெட்டுவது, கூண்டுப்பெட்டிக்குள் ஏற்றுவது போன்ற கடினமான வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ முயலுக்கு எல்லாப் பழமும் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துவிடும், இறுக்கமான மூடியுள்ள பாட்டில் தேவை. எண்ணெயில் பொரித்து உப்பிட்ட வாழைக்காய் சிப்ஸ் இதற்கு மாற்றே அல்ல.

கடைப் பொருட்களில் எங்கள் தேர்வு, முயல்களுக்கு உலர்புல்லாகக் கொடுக்கும் திமோத்தி என்ற புல்லில் செய்த பிஸ்கட். பொருட்கள் பட்டியலில் முதல் பெயர் திமோத்தி புல்லாக இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமை மாவோ வெல்லப்பாகோ முதலில் வந்தால் அது புல் வாசனையுள்ள ரொட்டி மட்டுமே. ‘அல்ஃபால்ஃபா’ என்று எழுதியிருந்தால் அது நம் ஊர்க் குதிரைமசால். வளரும் குட்டிக்கு ஏற்றது, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம். மிகுதியான கால்சியத்தை முயல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது, அது படிந்து சிறுநீர்ப்பையில் சேறுபோலத் தங்கலாம். வாங்கிய பிஸ்கட்டை ஒடித்துப் பாருங்கள். ஒரு பிஸ்கட் ஆறேழு துண்டாக வர வேண்டும். தூளாக உதிர்ந்தால் முயல் தரையில் சிந்தியதைத் தேடி முகரப் போய்விடும், பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் துள்ளலை அடக்க முடியாத முயலுக்கு பிஸ்கட்டைவிடச் சிறந்தது காய்கறிக் கடையிலேயே இருக்கிறது: தண்டோடு கூடிய கொத்தமல்லி. விரல் நீளத் தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் பல்லுக்கும் விரலுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். முயல் தண்டை இழுத்து மென்று தின்னும், அந்த மெல்லலே அதன் வேகத்தைக் குறைக்கிறது. கழுவி, நீரை உதறிவிட்டுக் கொடுங்கள். அடுத்த இடம் அன்றாடப் பெல்லட்டுக்கு, அதாவது அரைத்து அழுத்திச் சிறு குச்சிகளாகச் செய்த முயல் தீனிக்கு. அன்றைய பங்கிலிருந்தே பதினைந்து பெல்லட்டை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தால் கூடுதல் தீனி என்ற கவலையே இல்லை.

எந்த ட்ரீட்டானாலும் கொடுக்கும் விதம் தவறினால் பயனில்லை. முயல் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையோ அந்தியோ பாருங்கள், பெல்லட் வைப்பதற்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் பதற்றம் கூடும், சாக்கோ பாயோ விரியுங்கள். தரையில் உட்காருங்கள். மேலிருந்து இறங்கும் கை முயலுக்குப் பருந்தின் நிழல் மாதிரி.

ட்ரீட்டை மூடிய கைக்குள் வைத்துத் தரையோடு நீட்டுங்கள். முயல் முட்டும், பிறாண்டும், கையை நக்கும். கையைப் பின்னால் இழுக்காதீர்கள், இழுத்தால் பாய்ந்து பிடிக்கக் கற்றுக்கொள்ளும். நான்கு காலும் தரையில் இருந்து, மூக்கு அரை நொடியாவது விலகிய கணத்தில் நாக்கால் ஒரு ‘டக்’ சத்தம், உடனே உள்ளங்கையை விரியுங்கள். சத்தத்துக்கும் ட்ரீட்டுக்கும் இடையே ஒரு நொடிக்கு மேல் போனால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. பத்து முறை செய்ததும் நிறுத்துங்கள். அரை நொடி உறுதியானபின் ஒரு நொடி, பிறகு இரண்டு. நாளாக நாளாகத்தான் விரல் நுனிக்கு வர வேண்டும், அப்போதும் வாயின் ஓரமாக, மீசை தொடும் இடத்தில்.

காதைப் பின்னே படுக்கவைத்து, உறுமி, முன்காலால் அடித்தால் அது தீனி ஆசை அல்ல, தன் இடத்தைக் காப்பது. கூண்டுக்குள் கையை விடாமல் வெளியே வைத்துப் பழக்குங்கள். மெல்ல முனகியபடி காலைச் சுற்றிச் சுற்றி வரும் கருத்தடை செய்யாத முயலுக்குக் காரணம் பெரும்பாலும் இனப்பெருக்க வேகம். அதை எந்த பிஸ்கட்டும் தணிக்காது, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள்.

புதிய ட்ரீட்டை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொடங்கி, மறுநாள் காலை புழுக்கையைப் பாருங்கள். கூழ்போலப் பிசுபிசுப்பாகவோ வழக்கத்தைவிடச் சிறிதாகவோ இருந்தால் ட்ரீட்டை நிறுத்திவிட்டு உலர்புல்லும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். தின்பதும் புழுக்கையும் நின்றுபோய்ப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.