ரிவர் வொண்டர்ஸ்: பாண்டாவுக்கு முன்னும் பின்னும்

ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் வந்தாலும் மண்டாயில் இருக்கும் ரிவர் வொண்டர்ஸுக்கு ஒரு நாள் எங்கள் வீட்டில் கட்டாயம் உண்டு. வருகிறவர்கள் கேட்பது பாண்டா. நான் கூட்டிப்போவது மீனுக்காக. 2013இல் ரிவர் சஃபாரியாகத் திறந்து, 2021இல் பெயர் மாறிய இந்த ஆற்று விலங்குக் காட்சியகத்தில், நன்னீரில் வாழும் மிகப் பெரிய மீன்களில் மூன்றை ஒரே நடையில் பார்த்துவிடலாம். டிக்கெட் காசு அதற்கே சரியாகப் போய்விடும்.

நுழைந்ததும் மிசிசிப்பி, காங்கோ, நைல், கங்கை என்று ஆற்றுக்கு ஒரு பகுதி. இங்கெல்லாம் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். மேகாங்குக்கு நேரம் வையுங்கள்.

அங்கே இருக்கிறது நன்னீர்த் திருக்கை. அப்பா ராமேசுவரத்துக்காரர். "திருக்கை கடல் மீனுல்ல, ஆத்துக்கு எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்று கடைசிவரை நம்பவில்லை. மணலோடு மணலாகப் படுத்துக்கிடக்கும். முதலில் கண்ணில் படுவது உடம்பல்ல, கண்களுக்குப் பின்னால் மூடி மூடித் திறக்கும் இரண்டு துளைகள். வாய் அடியில் இருப்பதால் அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீரை இழுத்து மூச்சு விடுகிறது. எழுந்து கண்ணாடியை ஒட்டி வந்தால் காற்றில் காயும் வேட்டியாக ஓரம் முழுக்க அலையடிக்கும், வெள்ளை வயிறு தெரியும். அப்பா பேச்சில்லாமல் நின்றார். பிறகு, பூண்டு உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தால் எத்தனை சட்டி வரும் என்று கேட்டார்.

நன்னீர் மீன்களில் எடைக்கான இன்றைய சாதனை இந்த இனத்துக்குத்தான். 2022 ஜூனில் கம்போடியாவின் ஸ்டங் ட்ரெங் பக்கம் மேகாங்கில் பிடிபட்ட ஒன்று 300 கிலோ இருந்தது. மூக்கு முதல் வால் நுனி வரை நாலு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடை போட்டு, எங்கே போகிறது என்று அறிய ஒரு கருவியைப் பொருத்தி, ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கு முன் சாதனையை வைத்திருந்தது மேகாங் ராட்சதக் கெளுத்தி: 2005, வட தாய்லாந்து, 293 கிலோ. அதுவும் இதே பகுதியில் நீந்துகிறது. சாதனை எடையை எதிர்பார்த்து வராதீர்கள், ஆனால் முகத்தைக் கவனியுங்கள். கண் வாய்க்கும் கீழே இறங்கியிருக்கும். வளர்ந்தபின் பல் கிடையாது, மீசையும் சுருங்கிப் போகும். பெரும்பாலும் பாசி தின்றே அந்த உடம்பு! முட்டையிட ஆற்றில் வெகுதூரம் ஏறிப்போகும் மீன். ஒரு பக்கம் பிடித்துத் தீர்த்தார்கள், இன்னொரு பக்கம் அணைகள் வந்தன. இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் பெலுகா ஸ்டர்ஜன் என்ற மீனைக் கேட்பார்கள். அது 1,000 கிலோவையும் தாண்டியதுண்டு. ஆனால் கடலில் வளர்ந்து முட்டையிட மட்டும் ஆற்றுக்கு வருவதால் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து யாங்சி. அந்த ஆற்றின் பெரிய மீனான சீனத் துடுப்புமீனை இனி எங்குமே பார்க்க முடியாது. கடைசியாகக் கண்ணில் பட்டது 2003இல், அற்றுப்போனதாக அறிவித்தது 2022இல். பாண்டா அதற்கப்புறம். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏசியில் கொஞ்சம் ஆறுங்கள், நடையைக் கட்டுங்கள்.

ஏனென்றால் கடைசியில் வரும் அமேசான் தொட்டிதான் என் கணக்கில் முதலிடம். கண்ணாடியே 22 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். எல்லோரும் கடற்பசுவைப் பார்த்துக் கைகாட்டுவார்கள். நீங்கள் அரபைமாவைத் தேடுங்கள். மூன்று மீட்டர் வரை வளரும் இனம், வாலை நெருங்க நெருங்கச் செதிலில் சிவப்பேறும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில் மீனவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் ஏரியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே எத்தனை பிடிக்கலாம் என்று முடிவாகிறது. அப்பாவும் எண்ண ஆரம்பித்தார், பேரன் குறுக்கே பேசியதில் கணக்கு தப்பியது.

விலங்குத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பெரியவர்களுக்குக் கால் தாங்காது. ஆங் மோ கியோவிலிருந்து 138ஆம் எண் பேருந்து அங்கேயே கொண்டுவந்து விடும்.