ஜே15-ஆ, டிங்கிள் ரயிலா: அயர்லாந்துக் கிளைப்பாதையை எந்தத் தண்டவாளத்தில் போடுவது?

ஒரு தடவை தப்பாக ஆரம்பித்து, ஒரு பலகையை வீணாக்கி, கடைசியில் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் வந்து நின்றிருக்கிறேன். அயர்லாந்தின் நீராவிக் கிளைப்பாதை ஒன்றை மாடலாகச் செய்ய வேண்டும், அளவு ஓர் அடிக்கு 4 மி.மீ. இதுவரை எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் தண்டவாள அகலத்தில்தான். முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கடையில் வாங்கும் 16.5 மி.மீ. ஓஓ (4 மி.மீ. மாடல்காரர்களின் வழக்கமான அளவு) தண்டவாளத்தில் அகலப்பாதை, கையால் கட்டும் 21 மி.மீ. தண்டவாளத்தில் அதே அகலப்பாதை, அல்லது 12 மி.மீ.-இல் மூன்றடி நேரோ கேஜ், அதாவது குறுகிய பாதையான டிங்கிள் ரயில். நான் மூன்றாவதைப் பிடித்தவன். அதனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

அகலப்பாதையின் பெரிய கவர்ச்சி ஒரே ஒரு எஞ்சின். கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 101 வகை, பிற்காலத்தில் ஜே15 என்று பெயர் வாங்கியது. அலெக்சாண்டர் மெக்டொனல் வடிவமைத்து 1866-இல் வந்த 0-6-0, அதாவது ஆறு இயக்கு சக்கரம் மட்டும், முன்னும் பின்னும் வேறு சக்கரம் கிடையாது. 1903 வரை நூற்றுக்கும் மேல் கட்டினார்கள், அயர்லாந்தில் வேறு எந்த எஞ்சின் வகையும் இத்தனை எண்ணிக்கையைத் தொட்டதில்லை. சரக்கு, பயணிகள், கல்யாண ஸ்பெஷல், எதைக் கட்டினாலும் இழுத்துக்கொண்டு போகும். ஃபேரன்ஃபோரிலிருந்து கடலோரமாக வாலென்ஷியா ஹார்பர் வரை போன கிளைப்பாதை 1893-இல் திறந்து 1960-இல் மூடியது. அங்கேயும் இதே முகம்தான். இன்றும் இரண்டு மிச்சம்: 1879-இல் மான்செஸ்டரில் ஷார்ப் ஸ்டூவர்ட் கட்டிய 186, மறு வருடம் டப்ளின் இஞ்சிகோர் பட்டறையில் பிறந்த 184. ஒன்றுக்கு பெல்பேர் கொதிகலன் (நெருப்புப்பெட்டியின் மேல்பக்கம் சதுரமாக இருக்கும்), மற்றதற்கு உருண்டைத் தலை. ஆகவே மாடல் செய்யும்போது எந்த எண், எந்த வருடம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வர்ணம் மட்டும் கஷ்டமே கிடையாது. பிற்காலத்தில் பெரும்பாலானவை கோடு எதுவும் இல்லாத சாம்பல் நிறம்.

சரி, இனி கணக்கு. அயர்லாந்தின் அகலப்பாதை 5 அடி 3 அங்குலம். 1840-களில் டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம், டப்ளின்–ட்ரோகெடா 5 அடி 2, அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 என்று ஆளுக்கொரு அளவில் போட்டுவைத்திருந்தார்கள். அரசின் ரயில்வே ஆய்வாளர் ஜெனரல் பாஸ்லி பஞ்சாயத்துப் பண்ணி நடுவில் ஓர் எண்ணைச் சொன்னார், 1846-இல் அது சட்டமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பின் பலனை இன்று நான் அனுபவிக்கிறேன். 4 மி.மீ. அளவில் அது 21 மி.மீ. வர வேண்டும். கடைத் தண்டவாளம் 16.5. நாலரை மி.மீ. குறை, அசலில் பதிமூன்றரை அங்குலம்! இங்கிலாந்துப் பாதையை ஓஓ-வில் போடுகிறவர்களுக்குக் குறைவது சுமார் ஏழு அங்குலம்தான். அதற்கே அவர்கள் ஆயுசு முழுக்கப் புலம்புகிறார்கள். (நம் ஊர் 5 அடி 6 அங்குலப் பாதையை, ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்ற எச்ஓ அளவில் செய்கிறவர்களுக்கும் இதே வலி உண்டு. 19.25 வர வேண்டிய இடத்தில் அவர்களும் 16.5-இல் ஓட்டுகிறார்கள்.)

பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான், அகலமான ஜே15 ஒடுக்கமான பாதையில் காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். உறுத்தாவிட்டால் ஓஓ-வே போதும். தண்டவாளம், பாயின்ட் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்), சக்கரம் எல்லாம் கடையில் கிடைக்கும், விற்கவும் சுலபம். இதில் வேறு சூட்சுமம் இல்லை.

எனக்கு உறுத்தியது. அதனால் 21-இல் ஆரம்பித்தேன்.

இந்த ஒப்பீட்டைத் தீர்மானித்தது எஞ்சின் இல்லை, பாயின்ட்டுதான். நேரான தண்டவாளத்தைக் கையால் போடுவது பெரிய வித்தை இல்லை. செப்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பரில் தண்டவாளத்தை வைத்து, அளவுக்கட்டை வைத்து அழுத்திப் பிடித்து, சால்டர் வைத்துக்கொண்டே போகலாம். பாயின்ட் அப்படி இல்லை. இரண்டு தண்டவாளம் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மூக்கில் சக்கர விளிம்பு நுழைந்து போகும் இடைவெளி மிகச் சின்னது. நுண்ணளவு முறையில் கட்டினால் முக்கால் மி.மீ.கூட இருக்காது. முதல் பாயின்ட்டுக்கு எனக்கு ஐந்து வாரக் கடைசிகள் போயின. ஓடியது. டிசம்பர் வந்தது, வீட்டில் ஹீட்டர் போட்டோம், பலகை காய்ந்து ஒரு மயிரிழை வளைந்தது. ஜனவரியில் அதே வேகன் அதே மூக்கில் ஏறி இறங்கி, மூன்றுக்கு ஒரு தடவை தடம் புரண்டது. சரிசெய்தேன். ஈரமான வசந்தத்தில் பலகை திரும்பி வந்தது, நான் சரிசெய்தது தப்பாகிப்போனது. ஒரு சின்னக் கிளை ஸ்டேஷனுக்குக்கூட நாலு பாயின்ட் வேண்டும். நாலையும் வருடத்துக்கு இரண்டு தடவை தட்டிக்கொட்டிக்கொண்டிருப்பதுதான் என் பொழுதுபோக்கா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன்.

தவறு முழுக்க 21 மி.மீ. மேல் இல்லை. பலகை நான் அடித்தது, கெட்டியான பிளைவுட்டில் பெட்டி மாதிரி கட்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அதோடு நான் கட்டியது ஆறடிப் பாதையும் இரண்டு வேகனும்தான், எஞ்சின் வரைக்கும் போகவே இல்லை. ரெடிமேட் ஜே15 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி அகலப்படுத்தலாம் என்று பார்த்தேன். அடிச்சட்டம், சக்கர மூடி எல்லாமே 16.5-க்குச் செய்தவை, சக்கரத்தை வெளியே தள்ளினால் மூடியில் உரசுகிறது. அதைவிட 21-க்கென்றே பித்தளைக் கிட்டிலிருந்து கட்டுவதுதான் ஒழுங்கான வழி.

இப்போது மூன்றடிப் பாதை. 4 மி.மீ. அளவில் மூன்றடி என்றால் சரியாக 12 மி.மீ., ஒரு நூல்கூடத் தப்பில்லை. எச்ஓ அளவில் மீட்டர் கேஜ் செய்கிறவர்கள் ஓட்டுவதும் இதே 12-இல்தான். அவர்களுக்காக பெக்கோ கம்பெனி போடும் தண்டவாளமும் பாயின்ட்டும் எனக்கு அப்படியே பொருந்தின. டப்பாவைப் பிரித்து, ஆணி அடித்து, ஒயர் கொடுத்தேன், ஓடியது. ஸ்லீப்பர் இடைவெளி அயர்லாந்து மாதிரி இல்லை என்று ஒரு குறை சொல்லலாம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பாதையில் ஸ்லீப்பரே கண்ணுக்குத் தெரியாது, கடைசிக் காலத்தில் அங்கே புல்தான் மண்டிக்கிடந்தது.

அந்தப் பாதை அயர்லாந்தின் தென்மேற்கில் இருந்த டிராலி–டிங்கிள். ஏழை மலைப்பகுதிகளுக்கு ரயில் வரட்டும் என்று 1883-இல் கொண்டுவந்த டிராம்வே சட்டத்தின் கீழ், பங்குதாரர் லாபத்துக்கு உள்ளூர் வரிகட்டுகிறவர்கள் தலையில் பொறுப்பைக் கட்டிப் போட்டது. 1891-இல் திறந்தது. சுமார் 50 கிலோமீட்டர், பெரும்பகுதி சாலையோரமாகவே போகும். கிளெனகால்ட் ஏற்றத்தில் சில இடங்களில் 29-க்கு 1, அதாவது 29 அடி போனால் ஓர் அடி ஏறும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 1893 மே மாதம் பன்றி ஏற்றிவந்த ரயில் ஒன்று காட்டிவிட்டது, கேம்ப் பக்கத்து வளைவுப் பாலத்தில் கவிழ்ந்து ரயில்வே ஆட்கள் மூன்று பேர் செத்தார்கள்.

எஞ்சின்கள் பெரும்பாலும் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிய 2-6-0 டேங்க் வகை, தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமப்பவை. சாலையோரத்தில் ஓடுவதால் ஆரம்பத்தில் சக்கரங்களை மறைத்துப் பாவாடைத் தகடு மாட்டியிருந்தார்கள். மாடல் கட்டுகிறவனுக்கு இது வரப்பிரசாதம். வெளியே தெரிகிற, நீராவி வால்வை இயக்கும் வால்ஷார்ட்ஸ் கம்பிகளை ரிவெட் வைத்துக் கோத்து இரண்டு தடவை சிக்கவைத்த பிறகு, பழைய காலத்துக்கே போய்ப் பாவாடை மாட்டிவிடலாமா என்று எனக்குச் சபலம் தட்டியது. போகவில்லை, காரணம் மாட்டு ரயில். பயணிகள் ரயில் 1939-இல் நின்றது, தினசரிச் சரக்கு 1947-இல். அப்புறம் 1953 வரை டிங்கிள் சந்தைக்காக மாதம் ஒரு தடவை மட்டும் மாட்டு ரயில், புல்லுக்குள்ளே இரண்டு எஞ்சின் பூட்டிப் போனது. மாதம் ஒரே ஒரு ரயில் ஓடும் பாதை, வேலைக்குப் போகிற மனுஷனுக்கு இதைவிடத் தோதான கால அட்டவணை கிடைக்குமா?

குறைகளையும் சொல்ல வேண்டும். எஞ்சின் எனக்கு டப்பாவில் கிடைக்கவில்லை, எல்லாமே பித்தளைத் தகட்டுக் கிட். எடை குறைவு, உள்ளே ஈயத்தைத் திணித்தால்தான் பிடிப்பு வரும். மோட்டார் வைக்க இடமும் நெருக்கடி. விற்பனை மதிப்பைப் பற்றி நான் பேசக் கூடாது, இதுவரை ஒன்றையும் விற்றுப் பார்க்கவில்லை. ஓஓ ஜே15 அளவுக்குச் சீக்கிரம் கைமாறாது என்பது என் ஊகம். பாயின்ட்டுகள் இரண்டு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

முதல் எஞ்சினாக 5டி-ஐக் கட்டியிருக்கிறேன். 1892-இல் வந்தது, அந்தப் பாதையின் ஒரே 2-6-2. பிறகு காவன்–லெய்ட்ரிம் பாதையில் நிலக்கரி இழுத்து, அமெரிக்காவின் வெர்மான்ட் வரை போய், 1986-இல் ஊர் திரும்பியது. மாட்டு ரயிலுக்கு இன்னொரு எஞ்சின் வேண்டும். அந்தக் கிட் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது, 21 மி.மீ. பலகைக்குப் பக்கத்திலேயே.