கிளாக் 19, மாஸ்பெர்க் 500: பல வருஷம் சுட்ட பிறகு

ஹூஸ்டனில் இருக்கிறேன். 2018இல் வாங்கிய கிளாக் 19 ஐந்தாம் தலைமுறை பிஸ்டலும், அதற்கு அடுத்த வருஷம் வாங்கிய மாஸ்பெர்க் 500 பம்ப் ஷாட்கன்னும் (முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி ஓட்டுவது) இன்றும் என்னிடம் இருக்கின்றன. புதிதாக வாங்கப் போகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன மாற்றிப் போட்டீங்க?" என்றுதான். பிஸ்டலில் குறி பார்க்கும் சைட் மட்டும். உள்ளே வேறு கம்பெனி ஸ்ப்ரிங் ஒன்றைக்கூடப் போடவில்லை, மிச்சப் பணமெல்லாம் தோட்டாவுக்குப் போனது. யோசித்து எடுத்த முடிவு, இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் கிளாக். புதுப் பெட்டியைத் திறந்தால், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் உட்புறம் செம்பு நிறத்தில் ஒரு கிரீஸ் இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், ஆரம்ப நாட்களில் உரசும் இடங்கள் படிவதற்காகக் கம்பெனியே பூசி அனுப்புவது அது. அதற்கப்புறம் நாலைந்து சொட்டு எண்ணெய் போதும். நிறைய விட்டால் கரியும் தூசியும் சேர்ந்து களிம்பாகிவிடும்.

எனக்கு வந்த ஜாம்கள், அதாவது தோட்டா சிக்கி நிற்பது, பெரும்பாலும் இரண்டு காரணத்துக்குள் அடங்கிவிடும். ஒன்று, மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய வேறொரு கம்பெனியின் மேகசின் (தோட்டா நிரப்பும் கூடு). கடைசி இரண்டு தோட்டா மேலே ஏறும்போது ஸ்ப்ரிங் சோர்ந்துபோய், தோட்டாவின் மூக்கு கீழே சரிந்து நின்றுவிடும். எந்த மேகசின் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், எல்லா மேகசினின் அடியிலும் வெள்ளை பெயிண்டில் எண் எழுதி வைத்திருக்கிறேன், ஜாம் ஆனதும் எண்ணைப் பார்ப்பேன், ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது குப்பைக்குப் போகும். இரண்டாவது காரணம், மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிப்பது. துப்பாக்கியே மொத்தமாகப் பின்னால் போய்விடுவதால் ஸ்லைடு முழு தூரம் ஓடாது, காலிக் கூடு வெளியே விழாமல் நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு முதல்முறை அழைத்துப் போனவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அதே துப்பாக்கியை, அதே தோட்டாவோடு, இறுக்கிப் பிடித்துச் சுட்டால் ஓடும்.

அப்புறம் ட்ரிகர் மாற்றும் ஆசை. நண்பர் ஒருவர் இதே மாடலில், தோட்டாவின் அடியை இடிக்கும் ஊசியைத் தள்ளும் ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கை லேசானதாகப் போட்டார். இழுக்க அருமையாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிரைமர் (தோட்டாவின் அடியில் இடி வாங்கித் தீப்பற்ற வைக்கும் பகுதி) கொஞ்சம் கெட்டியான ரகத் தோட்டாவைப் போட்டதும் "டிக்" சத்தம் மட்டும் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரில் ஊசியால் தொட்டது போல லேசான குழி. கம்பெனி ஸ்ப்ரிங்கை மறுபடி போட்டதும் அதே பெட்டித் தோட்டா வெடித்தது. போட்டியில் சுடுகிறவர் தன் தோட்டாவைத் தேர்ந்தெடுத்துச் சுடலாம், அவருக்கு அது சரி. வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் வேண்டாம். ஸ்லைடை மறுபடி முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்ப்ரிங்கை மட்டும் சுமார் 5,000 சுற்றுக்கு ஒருமுறை, அதே கம்பெனிப் பொருளாக, மாற்றிவிடுகிறேன். கம்பெனி சைட் பிளாஸ்டிக், அதனால் முன்னால் பச்சையாக மின்னும் ட்ரிட்டியம் வைத்த இரும்பு சைட்டுக்கு மாறினேன். காசுக்கு மதிப்பான மாற்றம் அது ஒன்றுதான்.

தோட்டா விஷயத்துக்குத்தான் அதிகம் எழுத வேண்டும். 9 மி.மீ.யில் பயிற்சிக்கு 115 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு), 124 கிரெயின், 147 கிரெயின் எல்லாம் ஓடவிட்டிருக்கிறேன். 115 வேகமாகப் போகும், உதை சுருக்கென்று இருக்கும். 147 ஒலியைவிட மெதுவாகப் போவதால் பறக்கும்போது எழும் அந்தச் சாட்டையடிச் சத்தம் இல்லை, உதையும் மெத்தென்று தள்ளுவதுதான். எனக்கு 124 சரியாக அமைந்தது, பாதுகாப்புத் தோட்டாவும் அதே எடை என்பதால் கைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இரும்புக் கூடு தோட்டா மலிவு, ஆனால் இங்கே பல உள்ளரங்கு ரேஞ்சுகளில் அனுமதி இல்லை. காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்க அரசு 2021 செப்டம்பரில் தடை போட்ட பிறகு அந்த மலிவுச் சரக்கே குறைந்துபோனது. அதற்கு முன்பு 2020இல் வந்த தட்டுப்பாடு இன்னும் நினைவிருக்கிறது. சுற்றுக்கு 20 சென்ட்டுக்குக் கிடைத்தது 60 சென்ட்டைத் தாண்டியது, அதற்கும் வரிசை. அப்போதிருந்து விலை இறங்கும்போது பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறேன், ஈரம் புகாத இரும்புப் பெட்டியில்.

பாதுகாப்புக்கு ஃபெடரல் கம்பெனியின் ஹெச்.எஸ்.டி. ரகத் தோட்டா, 124 கிரெயின். 1986இல் எஃப்.பி.ஐ. ஆட்கள் சிக்கிய மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அந்த அமைப்பு தோட்டாவைச் சோதிக்கும் முறையையே மாற்றியது. 10 சதவீத ஜெலட்டின் கட்டியில், கனமான துணி வழியாகச் சுட்டாலும் 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்பது அவர்கள் அளவு. பெரிய காலிபர்களையெல்லாம் (குண்டின் விட்டம்) சுற்றிவிட்டு அவர்களே கடைசியில் 9 மி.மீ.க்குத் திரும்பினார்கள், தோட்டா அந்த அளவுக்குத் தேறிவிட்டது. எந்தத் தோட்டாவானாலும் உங்கள் துப்பாக்கியில் சில பெட்டிகளாவது சுட்டுப் பார்க்காமல் அதை நம்பி வைக்காதீர்கள். விலை அதிகம், தெரியும், இருந்தாலும் செய்யுங்கள்.

மாஸ்பெர்க் 500 பழைய வடிவமைப்பு, 1960களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. சேஃப்டி மேலே, கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தில். என் மனைவி இடதுகைக்காரர், ட்ரிகருக்குப் பின்னால் பக்கவாட்டு பொத்தான் வைத்த மாடல்கள் அவருக்குச் சரிப்படவில்லை, இது உடனே பழகிவிட்டது. முன்பிடி லொடலொடவென ஆடும், ஓட்டத்துக்கு அதனால் பாதகமில்லை. தோளில் வைக்கும் ஸ்டாக் நீளம் கிட்டத்தட்ட 14 அங்குலம், நம்மூர் உயரத்தவர்கள் பலருக்கு அது நீளம். இரண்டு அங்குலம் குறைவான ஸ்டாக் போட்டதும் தோளில் சரியாக உட்கார்ந்தது, உதையும் தாங்கும்படி ஆனது. ஷாட்கன்னில் ஏதாவது மாற்றுவதென்றால் முதலில் இதைச் செய்யுங்கள்.

பம்ப் துப்பாக்கி ஜாம் ஆவது பெரும்பாலும் கையால்தான். பயத்தில் முக்கால் தூரம் இழுத்துவிட்டுத் தள்ளினால் காலி ஷெல் (ஷாட்கன் தோட்டா) உள்ளேயே நிற்கும். பின்சுவரில் மோதும்வரை இழுங்கள், பலமாக.

ஷெல்லைப் பொறுத்தவரை, பெரிய காகிதத்தை மாட்டிச் சுட்டுப் பார்த்தால்தான் எதுவும் தெரியும். 10 கஜத்தில் ஒரு ஷெல்லில் 9 பெரிய ரவை உள்ள சாதாரண டபுள் ஆட் பக்‌ஷாட் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவியது. 8 ரவை உள்ள ஃப்ளைட்கன்ட்ரோல் என்ற ரகம் அதே தூரத்தில் உள்ளங்கைக்குள் விழுந்தது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி இது மாறும். களிமண் தட்டு சுட எட்டாம் நம்பர் ரவை, 25 ஷெல் பெட்டி ஒன்று ஒரு ஆட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 12 கேஜும் 20 கேஜும் (குழலின் அளவு, எண் பெரிதானால் குழல் சிறிது) ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 கேஜ் ஷெல் 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும், ஷெல் உட்காரும் அறை காலியாகத் தெரியும், பின்னாலேயே 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் ஷெல்லை மஞ்சளாகச் செய்வதே இதற்காகத்தான்.

பயிற்சிக்கு என் யோசனை, மேகசினில் யாரையாவது போலித் தோட்டா இரண்டு மூன்றை இடையில் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. வெடிக்காமல் "டிக்" என்னும் அந்தக் கணத்தில் முன் சைட் கீழே குனிகிறதா என்று பாருங்கள். குனிந்தால், இத்தனை நாள் குறி கீழே விழுந்ததற்குக் காரணம் அதுதான், சைட்டைத் திருகிப் பயனில்லை. வீட்டில் வெறும் துப்பாக்கியால் பழகும்போது தோட்டாவெல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும், ஷாட்கன்னுக்குப் போலி ஷெல் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளரங்கில் காதுக்குள் செருகியும் காதை மூடும் மஃபும் இரண்டும் போடுங்கள், சத்தம் 140 டெசிபலைத் தாண்டுகிறது. ஈயத்தூள் ஒட்டியிருக்கும், சாப்பிடும் முன் கை கழுவி, வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

எச்1பி விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், எச்1பியில் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அந்த வழியில் போவதானால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டகத்தை முதலில் வாங்குங்கள், துப்பாக்கியைப் பிறகு. ஹூஸ்டன் ஈரத்துக்கு அந்தப் பெட்டகத்துக்குள் ஒரு ஈரம் உறிஞ்சும் டப்பா வேண்டும், நான் மாதாமாதம் எடுத்துக் காயவைத்து மறுபடி வைக்கிறேன்.